பதினைந்து கைகள்

2018 மே 24. நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் கூடியிருக்கிறது. அந்த மாதத் தலைமை போலந்துக்கு. மேசைமேல் 2417ஆம் எண் தீர்மானம். போரில் பொதுமக்களைப் பட்டினி போடுவதை ஆயுதமாக்கக் கூடாது. வயல், சந்தை, மாவு ஆலை, உணவுக் கிடங்கு, குடிநீர் அமைப்பு எதன்மீதும் கைவைக்கக் கூடாது. நிவாரண உணவை வழிமறிக்கக் கூடாது. பஞ்சம் வரும் அபாயம் தெரிந்தால் பொதுச்செயலாளர் உடனே மன்றத்துக்குச் சொல்ல வேண்டும். வாக்கெடுப்பு நடந்தது. பதினைந்து உறுப்பினர்கள், பதினைந்து கைகள். எதிர்த்தவர் இல்லை, விலகி நின்றவரும் இல்லை. எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்ளும் அமெரிக்காவும் ரஷ்யாவும் அன்றைக்கு ஒரே பக்கம் கை தூக்கின. பசிக்கு மானம், ரோஷம் என்று ஏதாவது இருந்திருந்தால் அன்று மாலையே நாண்டுகொண்டு செத்திருக்கும்.

அது சாகவில்லை. சட்டத்தைப் பார்த்துப் பழகிய பசி அது. 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறை இதையேதான் சொன்னது. 1998இல் ரோம் சாசனம் இதைப் போர்க்குற்றப் பட்டியலில் சேர்த்தது. கூடவே ஒரு சலுகையும் கொடுத்தது. நாடுகளுக்கிடையே நடக்கும் போரில் பட்டினி போட்டால்தான் அந்தப் பிரிவு பாயும். உள்நாட்டுப் போரில் ஓர் அரசு தன் குடிமக்களையே பட்டினி போட்டால் பாயாது. அடுத்த வீட்டுப் பிள்ளையை அடித்தால் போலீஸ் கேஸ், சொந்தப் பிள்ளையைக் கொன்றால் குடும்ப விவகாரம். இந்த ஓட்டையை அடைக்க 21 ஆண்டுகள் பிடித்தன. 2019 டிசம்பரில் திருத்தம் வந்தது. அதுவும் ஏற்று உறுதிசெய்யும் நாடுகளைத்தான் கட்டும். தன் மக்களைப் பட்டினி போடப்போகும் அரசு, அதற்கு முன்பாகப் பொறுப்போடு இந்தத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டுவைக்கும் என்று நம்புவோமாக.

கோதுமைக்கும் பஞ்சமில்லை. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டன் கோதுமையை விளைவிக்கிறது. மழை பொய்த்துப் பயிர் கருகி மக்கள் செத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது வானத்தைத் திட்டினோம். இன்றைய பெரும் பட்டினிகளில் வானத்துக்குப் பெரிய பங்கு கிடையாது. வயலுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கேட், ஒரு பெர்மிட், ஒரு முத்திரை, ஒரு கணக்கு. இவற்றை நடத்துவது அலுவலகம். நாற்காலி, மேசை, கோப்பு, தேநீர் எல்லாம் உள்ள அலுவலகம். ஆகவே அந்தப் பதினைந்து கைகளும் மேசைக்குக் கீழே இறங்கிய பிறகு என்ன செய்தன என்று பார்ப்பதுதான் நியாயம். எல்லாக் கைகளையும் பார்க்க இங்கே இடம் போதாது. சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில் குவைத். தீர்மானத்தை வரைந்த நான்கு நாடுகளில் அதுவும் ஒன்று. மற்றவை நெதர்லாந்து, ஸ்வீடன், கோட் டிவார். வரைவு எழுதிய அதே குவைத், ஏமனில் சவூதி அரேபியா தலைமையில் போரிட்ட கூட்டணியிலும் உறுப்பினர். ஏமன் தின்னும் கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு கப்பலில் வர வேண்டும். அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை வந்து நிற்கும் துறைமுகம் ஹொதைதா. 2015 ஆகஸ்டில் கூட்டணி விமானங்கள் அந்தத் துறைமுகத்தின் கிரேன்களை நொறுக்கின. உலக உணவுத் திட்டம் பதிலுக்கு நான்கு கிரேன்கள் வாங்கியது. பணம் கொடுத்தது அமெரிக்கா. கூட்டணி அவற்றை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது. கடைசியில் கிரேன்கள் கரையேறியபோது 2018 ஜனவரி ஆகிவிட்டது. கூட்டணிக்கு விமானமும் குண்டும் விற்றது அமெரிக்கா. நொறுங்கியதற்கு மாற்று வாங்கப் பணம் நீட்டியதும் அமெரிக்கா. விற்பனைக்குப் பிந்தைய சேவை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

தீர்மானம் நிறைவேறிய இருபதாவது நாள், 2018 ஜூன் 13, கூட்டணிப் படை ஹொதைதாவை நோக்கிக் கிளம்பியது. மை காயட்டும் என்றுகூடப் பொறுக்கவில்லை.

அந்த ஊரின் விளிம்பில் செங்கடல் மாவு ஆலை என்று ஒன்று இருக்கிறது. தீர்மானம் பெயர் சொல்லிப் பாதுகாப்புக் கொடுத்திருக்கும் பட்டியலில் மாவு ஆலையும் உண்டு அல்லவா? அந்த ஆலையின் கிடங்கில் உலக உணவுத் திட்டத்தின் கோதுமை 51,000 டன் இருந்தது. 37 லட்சம் பேருக்கு ஒரு மாதச் சாப்பாடு. 2018 செப்டம்பரில் போர்முனை ஆலையைத் தாண்டி நகர்ந்தது. ஆலை கூட்டணிப் பக்கம், ஊருக்குப் போகும் சாலை கூட்டணியை எதிர்த்துப் போரிட்ட ஹூதிகள் பக்கம், நடுவில் கண்ணிவெடி. இவர்கள் சம்மதித்தால் அவர்கள் மறுத்தார்கள். பாதுகாப்பு உத்தரவாதம், அனுமதிக் கடிதம், மறுபடி பேச்சுவார்த்தை. 2019 ஜனவரியில் குண்டு விழுந்து இரண்டு கிடங்குகளில் தீப்பிடித்தது. பிப்ரவரி 26ஆம் தேதிதான் ஐ.நா. ஆட்கள் உள்ளே நுழைய முடிந்தது. உள்ளே போனால் கோதுமையில் வண்டு. மருந்து அடித்துத்தான் அரைக்க வேண்டும்.

ஐந்து மாத காலம் அந்தக் கோதுமை யாருக்கும் கிடைக்காமல் போய்விட்டது என்று சொல்வது பிழை. வண்டுகளுக்குக் கிடைத்தது. வண்டுக்கு ஹூதியின் அனுமதி வேண்டியதில்லை, கூட்டணியின் அனுமதி வேண்டியதில்லை, சர்வதேச மனிதாபிமானச் சட்டம் வேண்டவே வேண்டாம். ஏமன் போரில் உணவு உரிமையைத் தங்குதடையின்றி அனுபவித்த ஒரே உயிரினம் அதுதான். அந்தப் போரின் முதல் மூன்றரை ஆண்டுகளில் கடும் பட்டினிக்கும் நோய்க்கும் பலியான ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 85,000 பேர் இருக்கலாம் என்று ‘சேவ் த சில்ட்ரன்’ தொண்டு நிறுவனம் கணக்கிட்டது. அந்தக் குழந்தைகள் வண்டாகப் பிறந்திருக்கலாம்.

பிரிட்டனின் கையும் அன்று உயர்ந்தது. அந்தக் கை சவூதிக்கு ஆயுத உரிமங்களில் முத்திரை குத்திய கை. 2019 ஜூனில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், முன்பு நடந்த தாக்குதல்கள் மனிதாபிமானச் சட்டத்தை மீறினவா என்று மதிப்பிடாமலே அரசு உரிமம் கொடுத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அரசு தீர்ப்பை மதித்தது. ஓர் ஆண்டு உட்கார்ந்து மதிப்பிட்டது. 2020 ஜூலையில் முடிவைச் சொன்னது: நடந்தவை தனித்தனிச் சம்பவங்கள், அவற்றுக்குள் தொடர்பு ஒன்றும் தெரியவில்லை, ஆகவே விற்பனை தொடரும். தனித்தனியாகத்தானே செத்தார்கள்? மொத்தமாகச் செத்திருந்தால் யோசித்திருப்பார்கள்.

அடுத்தது எத்தியோப்பியாவின் கை. பட்டினியின் கொடுமையைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுக்க அந்த நாட்டைவிடத் தகுதியான நாடு இருக்க முடியாது. 1984ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் படங்கள் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்தவை. 2018இல் அது பாதுகாப்பு மன்றத்தில் இருந்தது, கை தூக்கியது. 2019இல் அதன் பிரதமர் அபி அகமதுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. 2020 நவம்பரில் தன் வடக்கு மாநிலமான திக்ரே மீது அவர் போர் தொடுத்தார். வங்கி மூடப்பட்டது, மின்சாரம் நின்றது, தொலைபேசி செத்தது. சாலையில் சோதனைச் சாவடி. தினமும் நூறு லாரி உணவு போக வேண்டும் என்றது ஐ.நா. 2021 டிசம்பர் நடுவிலிருந்து 2022 மார்ச் முடியும்வரை சாலை வழியாக ஒரு நிவாரண லாரி உள்ளே போகவில்லை. நூறு மைனஸ் நூறு.

இதை வெளியே சொன்னவர்களுக்கு என்ன நடந்தது? 2021 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. நிவாரணப் பிரிவின் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ், திக்ரேயில் பஞ்சம் வந்துவிட்டதென்றே கருதுவதாகவும் இது மனிதர்கள் உண்டாக்கியது என்றும் வாய்திறந்தார். செப்டம்பர் 30 அன்று ஏழு ஐ.நா. அதிகாரிகள் 72 மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. உணவு லாரிக்கு மூன்றரை மாதம் கிடைக்காத அனுமதி, அதிகாரிகள் வெளியேறுவதற்கு இரண்டே நாளில் கிடைத்தது. நிர்வாகத் திறமை இல்லை என்று யார் சொன்னது?

2022 நவம்பரில் போர் நின்றது. 2023 பிப்ரவரியில் எத்தியோப்பியா கோதுமை ஏற்றுமதியைத் தொடங்கியது. பிரதமரே விழா எடுத்துத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு, நிவாரணக் கோதுமை பெரிய அளவில் திருடப்பட்டுச் சந்தைக்கும் மாவு ஆலைக்கும் போகிறது என்று கண்டுபிடித்த அமெரிக்காவும் உலக உணவுத் திட்டமும் மே மாதம் திக்ரேயிலும் ஜூனில் நாடு முழுவதும் உணவு வழங்குவதை நிறுத்தின. திருடியவன் வயிறு நிறைந்திருந்தது. தண்டனை காலி வயிற்றுக்கு. மாதக்கணக்கில் நீண்டது அந்தத் தண்டனை.

இனி வருவதைக் கற்பனையாக எழுதியிருந்தால் எந்த ஆசிரியரும் மிகையென்று அடித்துவிடுவார். 2024 ஜனவரி 28, ரோம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, நாட்டைக் கோதுமையில் தன்னிறைவை நோக்கி நடத்திச் சென்றதற்காகவும் உணவுப் பாதுகாப்புக்கு ஆற்றிய தொண்டுக்காகவும் அபி அகமதுக்கு அக்ரிகோலா பதக்கம் அணிவித்தது. இரண்டு நாள் கழித்து எத்தியோப்பியாவின் சொந்தக் குறைதீர் ஆணையம், திக்ரேயிலும் பக்கத்து மாநிலமான அம்ஹாராவிலும் அண்மை மாதங்களில் ஏறக்குறைய 400 பேர் பட்டினியால் செத்ததாக அறிவித்தது. அடுத்த வாரம் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து, நாட்டில் யாரும் பட்டினியால் சாகவில்லை என்றார். ஊட்டக்குறைவோடு வரும் நோய்களால் செத்திருக்கலாமாம். பதக்கத்தைத் திருப்பிக் கேட்பார் யாரும் இல்லை. செத்தவர்கள் பதக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று நோயில் செத்துக்கொடுத்தார்கள்.

ரஷ்யாவின் கைக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24 அன்று அது உக்ரைனுக்குள் புகுந்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. இரண்டு கோடி டன்னுக்கு மேல் தானியம் உள்ளே சிக்கியது. சோமாலியாவும் எகிப்தும் லெபனானும் ரொட்டிக்கு அந்தக் கடலைத்தான் நம்பியிருந்தன. 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில், துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நிற்க, தானியக் கப்பல்களுக்கு வழிவிடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் ஒடேசா துறைமுகத்தில் ரஷ்ய ஏவுகணை விழுந்தது. கையெழுத்துப் போட்டதும் பாதுகாப்புத் துறை, ஏவுகணை விட்டதும் அதே துறை. துறைக்குள்ளேயே ஒருங்கிணைப்பு இல்லை போலும்.

ஓர் ஆண்டு ஓடிய அந்த ஒப்பந்தத்தில் சுமார் 3.3 கோடி டன் தானியமும் பிற உணவுப்பொருளும் வெளியேறின. அதிகம் வாங்கிய நாடு சீனா, அடுத்தது ஸ்பெயின். உலகின் ஏழைகளுக்காக என்று உருகி உருகிப் பேசப்பட்ட கப்பல்களில் பாதிக்கு மேல் சுமந்தது மக்காச்சோளம். அதில் ஏராளம் மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போவது. உலக உணவுத் திட்டத்துக்காகச் சென்ற கோதுமை ஏழேகால் லட்சம் டன். ஐரோப்பியப் பன்றியின் உணவுப் பாதுகாப்பு அந்த ஆண்டு நன்றாகவே உறுதிசெய்யப்பட்டது. ஆனாலும் சந்தையில் விலை இறங்கியது, அதனால் ஏழை நாடுகளும் மூச்சுவிட்டன. அதுவும் பொறுக்கவில்லை. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. இரண்டு நாளில் சோர்னோமோர்ஸ்க் துறைமுகத்தில் 60,000 டன் தானியம் எரிந்தது என்றது உக்ரைன். இன்னும் எட்டு நாள் கழித்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆப்பிரிக்கத் தலைவர்களைக் கூட்டிவைத்து, ஆறு நாடுகளுக்கு ஆளுக்கு 25,000 முதல் 50,000 டன் தானியம் இலவசம் என்று புதின் அறிவித்தார். ஊரான் களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டு, அந்த வெளிச்சத்தில் அன்னதானம்.

போலந்தை மறந்துவிடக் கூடாது. அன்று தலைமை நாற்காலியில் இருந்தது அதுதானே. உக்ரைனுக்குத் தோள்கொடுத்த நாடு, சந்தேகமில்லை. ஆனால் உக்ரைன் தானியம் தன் சந்தைக்குள் வந்து விலையை இறக்கியதும் 2023 ஏப்ரலில் அதன் இறக்குமதிக்குத் தடை போட்டது. 2024 பிப்ரவரியில் ரயில் பெட்டிகளின் கதவைத் திறந்து 160 டன் உக்ரைன் தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள் சிலர். விலை விழுந்த விவசாயியின் கோபத்தை எங்கேயும் கேலி செய்ய மாட்டேன். விவசாயிக்கும் பசித்தவனுக்கும் இடையே இப்படியொரு சண்டையை மூட்டிவிட்டு, இருவருக்கும் நல்லவர்களாகப் பேட்டி கொடுத்த அமைச்சர்களைச் சொல்கிறேன்.

இப்போது பெரிய கை.

இஸ்ரேல் அந்த மன்றத்தில் உறுப்பினர் இல்லை. அதற்குத் தனியாக ஒரு கை தேவையும் இல்லை. காசாவின் பசி 2023இல் பிறந்ததும் அல்ல. 2008இல் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகம், ‘சிவப்புக் கோடுகள்’ என்ற பெயரில் ஒரு கணக்குப் போட்டது: காசாவில் ஒரு மனிதன் ஊட்டம் குன்றாமல் இருக்க நாளொன்றுக்கு எத்தனை கலோரி வேண்டும்? 2,279. அதற்கு எத்தனை லாரி? உள்ளூர் விளைச்சலைக் கழித்து, மருந்து முதலானவற்றைச் சேர்த்து, 106. இந்தக் காகிதத்தை வெளியே கொண்டுவர கீஷா என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு மூன்றரை ஆண்டு வழக்காட வேண்டியிருந்தது. 2012இல் காகிதம் வந்தது. அது வெறும் வரைவு, நடைமுறைக்கு வரவே இல்லை என்றது அரசு. இருக்கட்டும். எதிரி நாட்டுக் குழந்தை எத்தனை கலோரியில் உயிரோடிருக்கும் என்று ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து தசமப் புள்ளி போட்டுக் கணக்கிட்ட ஆட்கள் இருந்தார்கள் என்பதே எனக்குப் போதும்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்தது பச்சைக் கொலை. சுமார் 1,200 பேர். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இரண்டு நாள் கழித்து இஸ்ரேலின் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் யோவாவ் கேலன்ட், காசாவுக்கு மின்சாரமில்லை, உணவில்லை, எரிபொருளில்லை என்று கேமரா முன்னால் அறிவித்தார். வழக்கமாகப் போர்க்குற்றத்தை நிரூபிக்க ரகசியக் கோப்பைத் தேடி அலைவார்கள். இங்கே பிறகு குற்றம் சாட்டப்பட்டவரே கேமராவைப் பார்த்துச் சொன்னார். 2024 பிப்ரவரி 29 அன்று காசா நகரில் மாவு லாரிக்குக் காத்திருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். துப்பாக்கிச் சூடு என்றனர் பிழைத்தவர்கள், பெரும்பாலோர் நெரிசலில் செத்தார்கள் என்றது இராணுவம். மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம், உணவைத் தடையின்றி விடு என்று இஸ்ரேலுக்கு உத்தரவிட்டது. நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிரதமர் நெதன்யாகுவுக்கும் கேலன்டுக்கும் பிடியாணை பிறப்பித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, பட்டினியைப் போர்முறையாக்கியது. 2025 மார்ச் 2 அன்று இஸ்ரேல் காசாவின் வாயில்களை முழுதாக அடைத்தது. ஒரு மாதம் ஆவதற்குள், உலக உணவுத் திட்டத்தின் ஆதரவில் ஓடிய 25 ரொட்டி அடுமனைகளும் மாவும் எரிபொருளும் தீர்ந்து மூடின.

ஜூன் 4 அன்று அதே பாதுகாப்பு மன்றத்தில், போரை நிறுத்து, உணவுக்கான தடையை நீக்கு என்று ஒரு தீர்மானம் வந்தது. பதினான்கு கைகள் ஆதரவாக உயர்ந்தன. ஒரு கை வீட்டோவுக்காக உயர்ந்தது. 2018இல் பட்டினிக்கு எதிராக எழுந்த அமெரிக்காவின் அதே கை. மறுநாள், ஜூன் 5, அமெரிக்கா சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள்மீது பொருளாதாரத் தடை விதித்தது. அவர்களில் இருவர், அந்தப் பிடியாணைக்கு ஒப்புதல் தந்தவர்கள். பட்டினி போட்டவர்மேல் தடையில்லை. அது குற்றம் என்று எழுதியவரின் வங்கிக் கணக்குக்குத் தடை. ஆகஸ்ட் 22 அன்று, உணவுப் பாதுகாப்பை அளவிடும் ஐபிசி அமைப்பு காசா மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. உலகமே செயற்கைக்கோளில் பார்த்துக்கொண்டிருக்க, எல்லைக்கு அப்பால் லாரிகள் வரிசைகட்டி நிற்க, வந்த பஞ்சம்.

பஞ்சத்தைத் தடுக்க முடியாவிட்டால் என்ன, பஞ்சம் என்ற செய்தியைத் தடுக்கலாமே? 1984இன் எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு அமெரிக்க அரசின் பணத்தில் பிறந்தது ஃப்யூஸ்நெட் என்ற பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு. 2024 டிசம்பரில் அது வடக்கு காசாவில் பஞ்சம் நெருங்குகிறது என்று அறிக்கை விட்டது. ஜனத்தொகையைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டீர்கள், அங்கே அவ்வளவு பேர் இல்லை என்று இஸ்ரேலிலிருந்த அமெரிக்கத் தூதர் கண்டித்தார். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதம் அமெரிக்க உதவி நிதி வெட்டில் அந்த அமைப்பின் இணையதளமே பல மாதங்களுக்கு இருண்டது. அதே வெட்டில் இன்னொரு சாதனையும் உண்டு: துபாய்க் கிடங்கில் இருந்த 500 டன் அளவிலான சத்து பிஸ்கட், 15 லட்சம் குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானது, கொடுக்க உத்தரவு போட ஆளில்லாமல் 2025 ஜூலையில் காலாவதியானது. அதை எரிக்க ஆன செலவு 1,30,000 டாலர். கொடுக்கத்தான் ஆளில்லை; எரிக்கும் பில்லைப் பாஸ் செய்ய ஆள் இருந்தது.

"அங்கே அவ்வளவு பேர் இல்லை." இந்த வாக்கியத்தைத் தமிழன் வேறெங்கோ கேட்டிருக்கிறான்.

2009 பிப்ரவரியில் வன்னிப் போர்முனையில் சிக்கியிருந்தவர்கள் 70,000 பேர் என்றது இலங்கை அரசு. களத்தில் இருந்த அரசு நிர்வாக அதிகாரியின் கணக்கு 3,30,000. அவரும் அதே அரசின் சம்பளத்தில் இருந்தவர்தான். தன் மாவட்டத்தில் எத்தனை வயிறு என்று எண்ணிச் சொன்னதற்கு மேலிடம் அவரைக் கண்டித்தது. உணவும் மருந்தும் கொழும்பின் கணக்குப்படி கப்பலேறின. ஏப்ரல் கடைசியில் கொழும்பின் கணக்கு இன்னும் இளைத்தது. பத்தாயிரமோ இருபதாயிரமோதான் மிச்சம் என்றார்கள். அப்போது ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள். எல்லாம் முடிந்து முகாம்களில் அடைத்து எண்ணியபோது சுமார் 2,90,000 பேர் தேறினார்கள். இது நான் சொல்வதல்ல. உணவையும் மருந்தையும் குறைப்பதற்காகவே அரசு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்று 2011இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு எழுதியது. விடுதலைப் புலிகள் அந்த மக்களை வெளியேறவிடாமல் அடைத்துவைத்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டு தரப்புக்கும் நடுவில் மக்கள் உப்பில்லாக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். வரிசையிலும் ஷெல் விழுந்தது.

பாதுகாப்பு மன்றம் அப்போது என்ன செய்தது? இலங்கையைத் தன் நிகழ்ச்சி நிரலில் முறைப்படி சேர்க்கவே இல்லை. ஜெனீவாவில் 2009 மே 27 அன்று மனித உரிமை மன்றம் கூடியது; வாக்கெடுப்பில் 29க்கு 12 என்று, இலங்கை அரசைத் தட்டிக்கொடுக்கும் தீர்மானம் நிறைவேறியது. அந்த 29 கைகளில் ஒன்று இந்தியாவுடையது. மற்ற நாடுகளின் கைகளை இவ்வளவு நேரம் எண்ணிக் காட்டிய நாம், அந்தக் கையை எண்ணாமல் விட்டால் அயோக்கியத்தனம்.

இந்தக் கதையில் சட்டம் ஒரே ஒரு தடவை உண்மையிலேயே வேகமாக வேலை செய்தது. 2024 மே மாதம், திருகோணமலை மாவட்டம் சம்பூரில், வன்னிப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலை நினைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் இலங்கைப் பொலிஸ் கைது செய்தது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நாட்டுச் சட்டமாக்கிய சட்டத்தில். பட்டினி போட்டவர்மேல் பாயாத சர்வதேசச் சட்டம், கஞ்சி ஊற்றிய அகப்பைமேல் பாய்ந்தது.

ஹொதைதா, திக்ரே, கருங்கடல், காசா, வன்னி: ஐந்து இடத்திலும் உணவு பக்கத்திலேயே இருந்தது. ஐந்து இடத்திலும் சட்டம் இருந்தது, அல்லது சட்டம் இருப்பதாகச் சொல்லப்பட்டது. தடுத்தவர்களின் பெயர் உலகுக்குத் தெரியும்; அவர்கள் போட்ட கையெழுத்து கோப்பில் இருக்கிறது. 2417ஆம் தீர்மானம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பொதுமக்களைப் பட்டினி போட்ட குற்றத்துக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இதுவரை தண்டித்தவர்களின் எண்ணிக்கை பூஜ்யம். பதினைந்து கைகளும் சேர்ந்து எழுதிய சட்டம், எழுதிய கைகளுக்கு நற்சான்றிதழாக மட்டும் பயன்பட்டிருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஓர் அரசு, எந்த அரசானாலும், நம் அரசானாலும், "அங்கே அவ்வளவு பேர் இல்லை, அவர்களுக்கு இது போதும்" என்று ஒரு புள்ளிவிவரத்தை நீட்டினால், அதைப் புள்ளிவிவரமாகப் படிக்காதீர்கள். தலைக்கணக்கைக் குறைக்கும் அரசு சோற்றைக் குறைக்கத் தொடங்கிவிட்டது என்று படியுங்கள். படித்த அன்றே சத்தம் போடுங்கள். பிணங்களை எண்ணிய பிறகு போடும் சத்தத்துக்கு அவர்கள் அஞ்சலிக் கூட்டம் என்று பெயர் வைத்து, அதற்கும் பெர்மிட் கேட்பார்கள்.